மலைக்கு ஒரு கம்பளித் தொப்பி: வாங்குவதும் காப்பதும்

ஃபெல்ட் நெய்யப்படுவதும் இல்லை, பின்னப்படுவதும் இல்லை. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை அனைத்தும் இழையின் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டதும் இழைகள் இளகுகின்றன, செதில்கள் விரிகின்றன. அந்த நிலையில் அவற்றை அழுத்தி, உருட்டி, அலைத்தால் ஒன்றோடொன்று சிக்கி, மறுபடி பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகின்றன. பரப்பு சுருங்கச் சுருங்கத் தடிமன் கூடுகிறது. இப்படிக் கிடைக்கும் கூம்பை நீராவியில் இளக்கி, அச்சில் இழுத்துப் படியவைத்து, அரக்கோ வேறு பசையோ ஏற்றி விறைப்பாக்கினால் கௌபாய் தொப்பி தயாராகிவிடும். நீர், சூடு, அசைவு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த பொருள் இது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் விட்ட வேலையைத் தொடரவே செய்யும். தொப்பி மேலும் சுருங்கும், தடிக்கும், கோணும். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் ஒரே பகலுக்குள் மூடுபனியும் உறைக்கும் வெயிலும் திடீர்த் தூறலும் வந்துபோகலாம். மாலையில் விறகடுப்பின் அனலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆகவே இந்த அத்தியாயம் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அந்த மூன்றையும் தொப்பியின் மேல் ஒரே நேரத்தில் சேரவிடக் கூடாது. எந்தத் தொப்பியை வாங்குவது, எந்த மாதத்தில் அணிவது, நனைந்தால் என்ன செய்வது, எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த ஒரே விதியிலிருந்து வருகிறது.

தொப்பி தேவையா என்பதையே முதலில் கேட்க வேண்டும். கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேடு வந்து சேரும்போது உடம்பில் உறைப்பது குளிர்ச்சிதான். வெயிலை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் சூரியனின் புறஊதாக் கதிர்களைக் காற்றின் குளிர்ச்சி தடுப்பதில்லை. உயரம் ஒவ்வொரு 1000 மீட்டர் கூடும்போதும் அவற்றின் அளவு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சமவெளியில் வெயில் சுடுவதால் நிழலைத் தேடுகிறோம். மலையில் சுடாததால் மணிக்கணக்கில் திறந்த தலையோடு நடக்கிறோம். காபித் தோட்டத்திலும் மிளகுக் கொடிகளின் நடுவிலும் வேலை செய்பவருக்குச் சில்வர் ஓக் மரங்களின் நிழல் உண்டு. சாமையும் கேழ்வரகும் விளையும் திறந்த காட்டில் வேலை செய்பவருக்கும், சீக்குப்பாறைக் காட்சிமுனையில் நிற்பவருக்கும், வாசலூர்பட்டி படகுத்துறையில் காத்திருப்பவருக்கும் அந்த நிழல் இல்லை. கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் மறைக்கும். காதும் பின்கழுத்தும் வெளியே நிற்கும். குடை நல்லதுதான், ஆனால் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், மலைக்காற்றில் மடங்கும். சுற்றிலும் அகன்ற விளிம்பு உள்ள தொப்பி இந்த மலைக்குப் பொருந்துவதற்குக் காரணம் இதுவே. ஆஸ்திரேலியப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்புகள் பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும் என்கின்றன. கௌபாய் தொப்பியின் விளிம்பு பெரும்பாலும் 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் இருக்கும். அடர்ந்த ஃபெல்ட்டில் ஒளி புகும் இடைவெளி இல்லை. தளர்வாக முடைந்த வைக்கோல் தொப்பியில் அந்த இடைவெளி உண்டு.

இது நம் ஊர்ப் பொருளா, சினிமா வேஷமா என்று கேட்பவர்கள் உண்டு. கௌபாய் உருவம் தமிழருக்குத் திரையிலிருந்து வந்தது என்பது உண்மை. 1972-இல் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’வும், 2010-இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ படமும் இந்தத் தொப்பியைத் தமிழ்க் கண்களுக்குப் பழக்கின. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ்களில் டெக்ஸ் வில்லரும் பழக்கினார். ஆனால் திரைக்கு வருமுன் அது வேலைக்கான பொருளாகவே பிறந்தது. ஜான் பி. ஸ்டெட்சன் 1865-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய தொழிலிலிருந்து வந்த அகன்ற விளிம்புத் தொப்பியை மாடு மேய்ப்பவர்கள் ஏற்றுக்கொண்டது வெயில், மழை, தூசி மூன்றிலும் அது உழைத்ததால்தான். ஆட்டு ரோமத்தைத் தலையில் போட்டுக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. கொங்குப் பகுதியில் ஆடு மேய்ப்பவர்கள் முரட்டுக் கம்பளியை ஒரு மூலையில் மடித்துக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு தூறலிலும் பனியிலும் நின்றிருக்கிறார்கள். தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாத குணம் ஆட்டு ரோமத்துக்கு உண்டு. கொங்காடை உழைத்ததும் அதனால்தான், இந்தத் தொப்பி உழைப்பதும் அதனால்தான். கௌபாய் வடிவம் வேண்டாம் என்பவர், விளிம்பு அதே அகலம் இருக்கும் எளிய ஃபெல்ட் தொப்பியை வாங்கட்டும். இங்கே சொல்லப்படுவது எல்லாம் அதற்கும் பொருந்தும். தலையில் துண்டு கட்டும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலாப்பழத்தையும் விறகையும் தலையில் சுமக்கிறவருக்குத் துண்டுதான் சரி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஃபெல்ட் குளிர்நாட்டுப் பொருள், தமிழ்நாட்டு வெயிலில் தலை வெந்துபோகும் என்பது. இதை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ சித்திரை மதியத்தில் இதை அணிவதற்கு நியாயம் இல்லை. மலைமேலும் பங்குனி முதல் வைகாசி வரை பகலில் பனையோலைத் தொப்பியே மேல். காற்று ஊடுருவும், எடையும் இல்லை, நனைந்தாலும் இழப்பு சிறிது. அமெரிக்க மேற்கிலேயே கோடையில் வைக்கோல், குளிர்காலத்தில் ஃபெல்ட் என்று மாற்றி மாற்றி அணியும் வழக்கம் இருக்கிறது. அடைமழை மாதங்களிலும் ஃபெல்ட்டை எடுத்துவைத்துவிட வேண்டும். ஐப்பசியில் இங்கே நனைந்த தொப்பி மறுநாளும் காய்வதில்லை, அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மீதம் இருப்பது கார்த்திகை பின்பாதியிலிருந்து மாசி முடிய உள்ள காலம். காலைப் பனி, குளிர்ந்த காற்று, மேகமில்லாத பகல் வெயில் என இந்த மூன்றரை மாதங்களில் வாழவந்தி நாடு இருக்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான தலைக்காப்பு எனக்குத் தெரியவில்லை. ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேடு வருகிறவர்கள் தொப்பியைக் கொண்டுவரலாம், ஆனால் மழைக்கு உறையும் கூட வரட்டும். ஆண்டு முழுவதும் ஒரே தொப்பி வேண்டும் என்பவருக்கு ஃபெல்ட் சரிப்படாது. அவர் இந்த அத்தியாயத்தை இங்கேயே மூடிவிடலாம்.

வாங்கப் போகும்போது முதல் சிக்கல், ஃபெல்ட் என்று விற்கப்படுவதெல்லாம் கம்பளி அல்ல என்பது. சுற்றுலாத் தலங்களில் தொங்கும் மலிவான கௌபாய் தொப்பிகளில் பெரும்பாலானவை பாலியஸ்டர். அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு, ஆனால் அவை வேறு பொருள். நீராவியில் கம்பளியைப் போல வடிவம் கொள்ளாது, வியர்வையை உள்ளே வாங்காது, நெற்றியில் வழியவிடும். நெற்றியைத் தொடும்படி உள்ளே சுற்றித் தைத்திருக்கும் உள்பட்டையின் கீழே இருக்கும் சீட்டில் 100 சதவீதம் கம்பளி என்று இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் நம்பிக்கை இல்லையென்றால், வாங்கிய பின் உள்பட்டையின் அடியிலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டலாம். கம்பளி முடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகி, தீயை எடுத்ததும் அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கம்பளி என்று உறுதியான பிறகு ஃபெல்ட்டின் இறுக்கத்தைச் சோதியுங்கள். விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துச் சுற்றிவர நகர்த்தினால் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கும் ஒளி கசியக் கூடாது. விளிம்பை மெல்ல வளைத்துவிட்டால் தானாகத் திரும்ப வேண்டும். வளைத்த இடத்தில் வெண்கோடு விழுந்தால் பசை அதிகம், ஃபெல்ட் குறைவு என்று பொருள். இந்தக் கடைசிச் சோதனைதான் நம் விதியோடு நேராகத் தொடர்புள்ளது. தொழிற்சாலையில் நன்றாக இறுக்கப்பட்ட ஃபெல்ட் இனிமேல் சுருங்குவதற்கு இடம் குறைவு. தளர்வாகவிட்டு, பசையால் மட்டும் விறைப்பாக்கிய ஃபெல்ட் முதல் மழையில் பசையை இழக்கும், பிறகு சுருங்கத் தொடங்கும்.

ரோமத்தின் நயமும் முக்கியம். மெரினோ ஆட்டு இழை 24 மைக்ரானுக்குள் இருக்கும். அதனால் ஃபெல்ட் நெருக்கமாகவும் வழுவழுப்பாகவும் அமைகிறது. தமிழ்நாட்டில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் பேணிவரும் நீலகிரி ஆட்டின் ரோமமும் நயமானதே. கோயம்புத்தூர் ஆட்டின் ரோமம் முரடு. கம்பளிப் போர்வைக்கு உகந்தது, நெற்றியில் உரசும் தொப்பிக்கு அல்ல. இவற்றுக்கெல்லாம் மேலே முயல், பீவர் ஆகியவற்றின் அடிமயிரில் செய்யும் ஃபெல்ட் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அகுப்ரா தொப்பிகள் முயல் மயிரில் ஆனவை. அங்கிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குகிறவர்கள் உண்டு. அடிமயிர் ஃபெல்ட் மழையை நன்றாகவே தாங்கும், எடையும் குறைவு. விலைதான் பல மடங்கு. அந்தத் தொப்பிகளின் உள்ளே ‘எக்ஸ்’ எழுத்தோடு ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது அடிமயிரின் தரத்தைக் காட்டுவதாகச் சொல்லப்பட்டாலும், எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் 10-ஐ இன்னொன்றின் 10-ஓடு ஒப்பிட முடியாது. அப்படியானால் கம்பளியை ஏன் வாங்க வேண்டும், காசு சேர்த்து அதையே வாங்கக்கூடாதா என்ற கேள்வி நியாயமானது. என் பதில்: மழை மாதங்களில் எடுத்துவைத்துவிடப் போகும் தொப்பிக்கு, மழை தாங்கும் திறனுக்காக அவ்வளவு கொடுப்பது வீண். ஆண்டில் மூன்றரை மாதம் அணிய இறுக்கமான மெரினோ கம்பளி போதும். பழைய பொருள் கடையில் எண்பது ஆண்டுக்கு முந்தைய அடிமயிர்த் தொப்பி கிடைத்தால் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அணியாதீர்கள். அந்தக் காலத்தில் அடிமயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள், தொப்பித் தொழிலாளர்களின் நரம்புகளைக் கெடுத்த அந்தப் பழக்கம் அமெரிக்காவில் 1941-இல்தான் தடை செய்யப்பட்டது. ஆட்டு ரோமத்துக்கு இயல்பாகவே செதில் நன்றாக இருப்பதால் பாதரசம் தேவைப்பட்டதில்லை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புத் தொப்பி திரையில் எடுப்பாக இருக்கும். வெயிலில் மற்ற எல்லா நிறத்தையும்விடச் சூடாகும், செம்மண் தூசியைப் பளிச்சென்று காட்டும். வெள்ளைக்கு நெருங்கிய நிறத்தில் எண்ணெய்க் கறை தங்கும். மணல் நிறமோ வெளிர் பழுப்போ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எந்த நிறமானாலும் வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம். வியர்க்கும் நெற்றியில் அது ஒவ்வொரு நாளும் ஒட்டும்.

அளவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தையல் நாடாவைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலாகப் பின்மண்டையின் புடைப்பைச் சுற்றிப் பிடித்து அளக்க வேண்டும். 56 சென்டிமீட்டர் என்றால் அமெரிக்க அளவில் 7. 57 என்றால் 7⅛. 58 என்றால் 7¼. 60 என்றால் 7½. இரண்டு அளவுக்கு நடுவில் தலை இருந்தால் பெரியதை எடுங்கள். காரணம் மறுபடியும் அந்த விதிதான்: கம்பளி ஃபெல்ட் காலப்போக்கில் சிறுகும், ஒருபோதும் தானாகப் பெருகாது. தளர்வாக இருந்தால் உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப்பட்டையோ மடித்த துணிப்பட்டையோ வைத்துச் சரிசெய்யலாம். இறுக்கமாக வாங்கியதைச் சரிசெய்ய வழி குறைவு. உள்பட்டை தோலாக இருந்தால் நீண்டநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பருத்தித் துணியாக இருந்தால் வியர்வையை விரைவில் வாங்கி விரைவில் காயும். கொல்லிமலைக்கு நான் துணியையே சொல்வேன். உள்பட்டையின் தையலில் ஒரு சிறு நாடா முடிச்சு இருக்கும். அதுவே தொப்பியின் பின்பக்கம், முன்பின் மாற்றிப் போட்டால் எந்தத் தொப்பியும் பொருந்தாது.

அமெரிக்கக் கையேடுகளில் பேசப்படாத, நமக்கு மிக முக்கியமான விஷயம் தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்கு எண்ணெய் தடவிவிட்டு ஃபெல்ட் தொப்பி போட்டால், எண்ணெய் உள்பட்டை வழியே ஊறி மேலேறி, வெளியே நாடாவைச் சுற்றிக் கருவளையமாகத் தெரியும். எண்ணெய் புகுந்த ஃபெல்ட்டில் தூசி ஒட்டிக்கொள்ளும், பூச்சியும் விரும்பி வரும். எண்ணெய் தடவாதீர்கள் என்று சொல்வது நடக்காத காரியம். தொப்பி போடும் நாளுக்கு முந்தைய இரவே எண்ணெய் தேய்த்துக் காலையில் துவட்டிவிடலாம். அல்லது தலையில் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டி அதன்மேல் தொப்பி போடலாம். துண்டு கட்டும் பழக்கம் இங்கே கைகொடுக்கிறது. கறை விழுந்துவிட்டால் சோளமாவையோ முகப்பவுடரையோ அதன்மேல் தடிமனாகத் தூவி, ஓர் இரவு விட்டு, உதறிவிட்டுத் துலக்குங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பகுதி வந்துவிடும். சோப்பும் வெந்நீரும் போட்டு அலசுவது, மூன்று எதிரிகளையும் நாமே கூப்பிட்டு உட்காரவைப்பது. ஸ்பிரிட்டும் கைச் சுத்திகரிப்புத் திரவமும் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், அந்த இடம் தொளதொளத்துப்போகும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளிம்பின் வளைவைக் கவனியுங்கள். படங்களில் பார்க்கும் கௌபாய் தொப்பியின் இரு பக்கமும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் காதையும் கன்னத்தையும் வெயிலுக்குக் கொடுத்துவிடும். நாம் தொப்பி போடும் காரணம் மலை வெயில் என்று ஆன பிறகு, பக்கங்கள் தட்டையாக, முன்னும் பின்னும் சற்றே தாழ்ந்த விளிம்பே சரி. சீக்குப்பாறை போன்ற காற்றுமுனைகளில் தாடைக் கயிறு கட்டாயம். இருசக்கர வண்டியில் 70 வளைவுகளை ஏறிவருகிறவர்களுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும்: தொப்பி ஹெல்மெட் ஆகாது. தொப்பியைக் கயிற்றில் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு வண்டி ஓட்டுவதும் ஆகாது, காற்று அதைப் பிடித்து இழுக்கும். உறையில் இட்டுப் பின்னிருக்கைக்காரர் மடியில் வைத்துக்கொள்வதே நல்லது.

இனி நனைந்த தொப்பி. எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் இந்த மலையில் அது ஒருநாள் நனையும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகிறவர் தொப்பியோடு சாரலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் முழுவதும் ஊறிவிடும். அங்கே போகும்போது தொப்பியை மேலேயே விட்டுவிட்டுப் போகலாம். நனைந்ததும் எல்லாரும் செய்வது மூன்று: பிழிவது அல்லது உதறித் தேய்ப்பது, வெயிலில் காயப்போடுவது, அடுப்பருகே வைப்பது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் ஈரத்தோடு சூடோ அசைவோ சேர்கிறது. செய்ய வேண்டியது பொறுமையான வேலை. முதலில் மேலே நிற்கும் நீரை லேசாகத் தட்டிவிடுங்கள். உலர்ந்த பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உள்பட்டையை முழுவதும் வெளியே புரட்டி, அதன்மேலேயே தொப்பியை நேராக நிற்கவிடுங்கள். அப்போது விளிம்பு எதிலும் படாது, காற்று உள்ளேயும் வெளியேயும் போகும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் எடை ஒரே இடத்தில் இழுத்து விளிம்பு கோணிவிடும். நிழலான, காற்றோட்டமான அறையில் ஒருநாள் இருக்கட்டும். மூடுபனி நாளில் இரண்டு நாள் ஆகலாம். மின்விசிறியை எட்டத்தில் ஓடவிடலாம், முடி உலர்த்தும் கருவி கூடாது. பாதி காய்ந்த நிலையில் விளிம்பையும் மேல்மடிப்பையும் விரலால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு தொடாமல் விடுங்கள். முழுவதும் காய்ந்த பிறகுதான் தூரிகை.

கடைக்காரர்களும் தொப்பி செய்பவர்களும் நீராவியில் காட்டித்தானே வடிவம் கொடுக்கிறார்கள், அப்படியிருக்க ஈரமும் சூடும் சேரக் கூடாது என்பது எப்படி என்று கேட்கலாம். கேள்வி சரியானது, விடை அளவில் இருக்கிறது. கெண்டியின் மூக்கிலிருந்து வரும் நீராவியில் ஒரு விரல் அகல இடத்தைச் சில நொடிகள் மட்டும் காட்டும்போது ஃபெல்ட்டின் மேல்பரப்பு இளகுகிறது, அரக்கு மென்மையாகிறது. உடனே எடுத்துக் கையால் வடிவம் பிடித்து ஆறவிடுகிறோம். அங்கே உருட்டுவதும் அலைப்பதும் இல்லை, ஊறிய ஈரமும் இல்லை. வளைந்த விளிம்பை நேராக்கவும் நசுங்கிய தலைப்பகுதியை உள்ளிருந்து தள்ளி எழுப்பவும் இதே வழி வீட்டிலும் பயன்படும். கையைக் கொதிநீராவியிலிருந்து தள்ளி வையுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். ஒரே இடத்தை நிமிடக் கணக்கில் காட்டினால் நாமே தொழிற்சாலை வேலையைத் தொடங்கிவிடுவோம்.

மழையைவிட அதிகமாகத் தொப்பிகளைக் கெடுப்பது கார் என்பது என் முடிவு. சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வருகிறவர்கள் தொப்பியை முன்கண்ணாடியின் கீழேயோ பின்கண்ணாடித் தட்டிலோ வைக்கிறார்கள். வெயிலில் மூடி நிறுத்திய காரில் அந்த இடம் கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். முந்தைய நாள் வியர்வையின் ஈரம் தொப்பிக்குள் இருக்கும், வண்டி ஓடும்போது குலுக்கல் இருக்கும். மூன்றும் அங்கே கூடுகின்றன. அரக்கு இளகி விளிம்பு தொங்கும், தோல் உள்பட்டை சுருங்கித் தொப்பியை உள்ளுக்கு இழுக்கும். இருக்கையின் மேல், நிழல் பக்கத்தில், தலைகீழாக வையுங்கள். எப்போதுமே எங்கே வைத்தாலும் தலைகீழாகத்தான்: தலைப்பகுதி கீழே, விளிம்பு மேலே. நிமிர்த்தி வைத்தால் தொப்பியின் எடையே விளிம்பைத் தட்டையாக்கிவிடும். எடுக்கும்போது மேல்மடிப்பின் முன்கூரைப் பிடித்துத் தூக்குவதும் தவறு. அந்த இடத்தில்தான் ஃபெல்ட் மிகவும் வளைந்திருக்கிறது. விரலின் வியர்வையும் அழுத்தமும் சேர்ந்து அங்கேதான் முதலில் ஓட்டை விழும். இரு கையாலும் விளிம்பின் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்குங்கள்.

தூசிக்கு மென்மையான குதிரைமயிர்த் தூரிகை போதும். கிடைக்காவிட்டால் புதிய, மென்மையான துணித் தூரிகை. வெளிர் தொப்பிக்கும் கறுப்புத் தொப்பிக்கும் ஒரே தூரிகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே, பொதுவாக இடஞ்சுழியாக, சுற்றிவரத் துலக்க வேண்டும். சேறு பட்டால் காயும்வரை தொடக் கூடாது. ஈரச் சேற்றைத் துடைத்தால் இழைகளுக்குள் இறங்கிவிடும், காய்ந்த செம்மண் உதிர்ந்துவிடும். ஒட்டியிருக்கும் நூலுக்கும் முடிக்கும் ஒட்டுநாடாவைக் கைவிரலில் சுற்றி ஒற்றி எடுக்கலாம்.

கார்த்திகையிலிருந்து மாசி வரை அணிந்து எட்டு மாதத்துக்கும் மேல் எடுத்துவைக்கப்போகும் பொருளுக்கு, வைக்கும் முறைதான் பாதி ஆயுள். இங்கே எதிரிகள் இருவர்: பூசணம், அந்துப்பூச்சி. துணி அந்துப்பூச்சியின் புழு கெரட்டினைத் தின்னும். ஆட்டு ரோமம் முழுக்க கெரட்டின்தான். சுத்தமான ரோமத்தைவிட வியர்வையும் எண்ணெயும் படிந்த ரோமம் அதற்கு இன்னும் உகந்தது. ஆகவே எடுத்துவைக்கும் முன் நன்றாகத் துலக்குங்கள்; புழுவும் முட்டையும் இருந்தால் துலக்குவதிலேயே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். உள்பட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் காற்றாடவிடுங்கள். பிறகு அட்டைப்பெட்டியில், தலைப்பகுதிக்குள் சுருட்டிய வெள்ளைத்தாள் அடைத்துத் தலைகீழாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் மலையின் ஈரக்காற்று உள்ளேயே அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடிக்கும்போது பூசணம் முளைக்கிறது; மழைக்கால வாழவந்தி நாட்டில் அது வாரக்கணக்கில் அப்படித்தான் இருக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைந்து போட்டு, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, வெயிலடிக்கும் நாளில் நிழலில் காற்றாடவிடுவதே முழுப் பாதுகாப்பு.

பூச்சிக்கு என்ன வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபடும். வசம்பு பட்டுப்புடவைகளோடு வைக்கப்பட்டு வந்தது. அதன் எண்ணெய்க்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு, துணியில் கட்டி வைப்பதால் கெடுதல் இல்லை. வேப்பிலை காய்ந்ததும் வீரியம் குறைந்துவிடும். அதை மட்டும் நம்பக் கூடாது. பாச்சை உருண்டை வேலை செய்யும், ஆனால் மூடிய பெட்டியில் மட்டும்; அதன் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல, சில குழந்தைகளுக்கு இரத்த அணுக்களையே உடைக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். விதைகளை அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, புகைபட்டுப் பூச்சி வராமல் காத்த வழக்கத்தைச் சொல்லி, தொப்பியையும் அங்கே வைக்கலாமே என்பவர்கள் உண்டு. விதைக்கு அது சரியான இடம். உலர்ந்த சூடு விதையைக் கெடுக்காமல் பூச்சியை விரட்டுகிறது. தொப்பிக்கு அங்கே சமையல் ஆவியின் ஈரமும் அனலும் ஒன்றாகக் கிடைக்கும், கரியும் படியும். புழு விழுந்துவிட்டது என்று தெரிந்தால், தொப்பியைக் காற்றுப்புகாத பையில் இறுக்கிக் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, எடுத்த பிறகும் பை தானாக அறைவெப்பத்துக்கு வரும்வரை திறக்காமல் இருந்தால் புழுவும் முட்டையும் சாகும். பிளாஸ்டிக் பை அனுமதிக்கப்படும் இடம் இது ஒன்றுதான்.

இவ்வளவு பாடு ஒரு தொப்பிக்குத் தேவையா என்ற கேள்வியை ஒதுக்க நான் விரும்பவில்லை. எண்ணிப் பார்த்தால் அணியும் காலத்தில் வாரம் ஒருமுறை துலக்குவது, நனைந்தால் ஒருநாள் பொறுப்பது, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறப்பது, இவ்வளவுதான். மற்றவை எல்லாம் செய்யக் கூடாதவை. அவற்றுக்கு நேரம் செலவாவதில்லை. பாலியஸ்டர் தொப்பியை ஆண்டுக்கு ஒன்றாக வாங்கி எறிகிறவர், இந்த மலையின் ஓடைகளில் மக்காத குப்பையைச் சேர்க்கிறார். கம்பளி கடைசியில் மண்ணாகும். அதுவரை பல ஆண்டுகள் உழைக்கும்.

முதல் வாங்கலுக்கு என் பரிந்துரை: 100 சதவீத மெரினோ கம்பளி, மணல் நிறம், தட்டையான 3½ முதல் 4 அங்குல விளிம்பு, பருத்தி உள்பட்டை, கழற்றக்கூடிய தாடைக் கயிறு, தலை அளவுக்கு அரை சென்டிமீட்டர் பெரியது. அதற்கு மேல் செலவிடக் காசு இருந்தால் இரண்டாவதாக ஒரு பனையோலைத் தொப்பி வாங்குங்கள். எவ்வளவு காத்தும் தொப்பி சுருங்கிவிட்டால், நீராவி காட்டி, தொப்பியை உள்ளிருந்து அகட்டும் விரிப்பானில் வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அரை சென்டிமீட்டர், அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் சுருங்கிய கம்பளி ஃபெல்ட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. அப்போது அதைத் துலக்கி, உள்பட்டையை மாற்றி, தலை சிறிய ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.